பயிற்றுநரை மாற்றினால் பந்து திரும்புமா?

இலங்கைக் கிரிக்கெட் அணி தோற்றால் முதலில் உருளுவது பயிற்றுநரின் தலை. வென்றால் முதலில் மாலை விழுவதும் அவரது கழுத்தில்தான். இரண்டையும் செய்பவர்கள் ஒரே ஆட்கள். இரண்டுக்கும் இடையில் பல வேளைகளில் ஆறு மாதம்கூட இருப்பதில்லை. 2024 ஜூலையில் சனத் ஜயசூரிய தலைமைப் பயிற்றுநராக வந்த பின் கழிந்த முதற் பருவகாலம் இதற்கு நல்ல சாட்சி. "சனத் வந்தார், எல்லாம் மாறியது" என்று அப்போது எழுந்த ஆரவாரம் இன்னும் பலர் காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. மாறவேண்டியது எதுவோ அது மட்டும் மாறவில்லை என்பதே இந்தப் பத்தியின் வாதம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். அதில் நான் கஞ்சத்தனம் காட்டப் போவதில்லை.

2024 ஜூனில் நடந்த இருபதுக்கு 20 உலகக் கிண்ணத்தில் இலங்கை முதற் சுற்றுடனேயே வெளியேறியது. பயிற்றுநர் கிறிஸ் சில்வர்வூட் விலகினார். ஆலோசகராக இருந்த மஹேல ஜயவர்தனவும் விலகினார். அடுத்த மாதம் சனத் ஜயசூரிய, இங்கிலாந்துச் சுற்றுப்பயணம் முடியும்வரை என்ற வரையறையோடு, இடைக்காலப் பயிற்றுநரானார். முதல் தொடரிலேயே இந்தியாவிடம் 0-3. பல்லேகலையில் நடந்த மூன்றாவது ஆட்டத்தில் கடைசி 12 பந்துகளில் 9 ஓட்டங்கள் தேவை, கையில் ஆறு விக்கெட்டுகள். பந்துவீசியவர்கள் ரிங்கு சிங்கும் சூர்யகுமார் யாதவும். இருவருமே துடுப்பாட்ட வீரர்கள். நம்மவர்கள் எட்டு ஓட்டங்களோடு நின்றார்கள். ஆட்டம் சமநிலையாகி, சுப்பர் ஓவரில் தோல்வியில் முடிந்தது.

அதன் பிறகுதான் காற்று திசை மாறியது. ஓகஸ்டில் கொழும்பு ஆர். பிரேமதாச மைதானத்தில் ஒருநாள் தொடர். முதல் ஆட்டம் சமநிலை. இரண்டாவதில் ஜெப்ரி வெண்டர்சே 33 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகள். மூன்றாவதில் துனித் வெல்லாலகே 27 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகள். 110 ஓட்டங்களால் வெற்றி. 1997க்குப் பின் இந்தியாவுக்கு எதிராக இலங்கை வென்ற முதலாவது இருதரப்பு ஒருநாள் தொடர் அது. இங்கிலாந்தில் டெஸ்ட் தொடரை 1-2 என்று இழந்தாலும், செப்டெம்பரில் ஓவல் மைதானத்தில் பெத்தும் நிஸ்ஸங்க ஆட்டமிழக்காமல் 127 ஓட்டங்களைக் குவிக்க, எட்டு விக்கெட்டுகளால் வெற்றி கிட்டியது. இங்கிலாந்து மண்ணில் பத்து ஆண்டுகளுக்குப் பின் கிட்டிய டெஸ்ட் வெற்றி. அதே மாதம் காலியில் நியூசிலாந்து 2-0 என்று வெளுத்து வாங்கப்பட்டது. இரண்டாவது டெஸ்டில் இலங்கை 5 விக்கெட்டுகளுக்கு 602 ஓட்டங்கள். நியூசிலாந்து 88 ஓட்டங்களுக்குள் சுருண்டது. கமிந்து மெண்டிஸ் தனது 13ஆவது இனிங்ஸில் ஆயிரம் டெஸ்ட் ஓட்டங்களைத் தொட்டு டொன் பிராட்மனின் வேகத்தைச் சமன் செய்தார்.

ஒக்டோபர் 7ஆம் திகதி சனத் நிரந்தரப் பயிற்றுநரானார். 2026 மார்ச் 31 வரை ஒப்பந்தம். மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக உள்நாட்டில் இருபதுக்கு 20 தொடரும் ஒருநாள் தொடரும் கைக்கு வந்தன. மாலைகள் விழுந்தன.

நவம்பரில் அணி தென்னாபிரிக்கா சென்றது. டேர்பனில் 42 ஓட்டங்களுக்குச் சகல விக்கெட்டுகளையும் இழந்தது. இலங்கையின் டெஸ்ட் வரலாற்றில் அதுவே மிகக் குறைந்த எண்ணிக்கை. மார்க்கோ ஜன்சன் 13 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகளை எடுத்தார். தொடர் 0-2. வெளிநாட்டு ஆடுகளம், எகிறும் பந்து, பழக்கமின்மை என்று சமாதானம் சொன்னார்கள். சரி, சொந்த வீட்டிற்கு வருவோம். 2025 ஜனவரி இறுதியில், நான்கு மாதங்களுக்கு முன் நியூசிலாந்தைப் புரட்டியெடுத்த அதே காலி மைதானத்தில், அவுஸ்திரேலியா 6 விக்கெட்டுகளுக்கு 654 ஓட்டங்களைக் குவித்தது. இனிங்ஸாலும் 242 ஓட்டங்களாலும் தோல்வி. இலங்கை டெஸ்ட் கிரிக்கெட்டில் அதைவிடப் பெரிய தோல்வி அதுவரை இருந்ததில்லை. இரண்டாவது டெஸ்டும் போயிற்று. அடுத்த வாரமே அதே அவுஸ்திரேலியாவை ஒருநாள் தொடரில் 2-0 என்று இலங்கை வென்றது. அது முடிந்த கையோடு உலகின் எட்டு முன்னணி அணிகள் பாகிஸ்தானிலும் துபாயிலும் சாம்பியன்ஸ் கிண்ணத்துக்காக ஆடின. இலங்கை அங்கே இல்லை. 2023 உலகக் கிண்ணத்தில் ஒன்பதாம் இடத்துக்கு இறங்கியதன் விலை அது.

இப்போது சொல்லுங்கள். ஓவலில் வென்ற பயிற்றுநர் யார்? டேர்பனில் 42க்குச் சுருண்ட அணியின் பயிற்றுநர் யார்? இரண்டும் ஒரே மனிதர். வென்றபோது அவரது மந்திரம் என்றால், தோற்றபோது மந்திரம் எங்கே போனது?

சனத்தைக் குறைசொல்வது என் நோக்கமன்று. கையில் கிடைத்த பதினைந்து பேரை அச்சமின்றி ஆட வைத்தார். சுழல் எடுக்கும் ஆடுகளத்தில் எதை நம்பவேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்குரிய மரியாதை அவருக்கு உண்டு. ஆனால் ஒரு கேள்வி. இதே சனத் ஜயசூரிய இரண்டு தடவை தேர்வுக்குழுத் தலைவராக இருந்தவர். 2017இல் அவர் அப்பதவியில் இருந்தபோது இந்தியா இங்கே வந்து மூன்று டெஸ்ட், ஐந்து ஒருநாள், ஓர் இருபதுக்கு 20 என ஒன்பது ஆட்டங்களையும் வென்று சென்றது. தொடர் முடியுமுன்பே அவரது குழு பதவி விலகியது. 2019இல் சர்வதேச கிரிக்கெட் பேரவை, ஊழல் தடுப்பு விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை என்று அவருக்கு இரண்டு ஆண்டுத் தடை விதித்தது. அன்று ஊரே தூற்றியது. 2024இல் அதே வாய்கள் போற்றின. தனிமனிதர் ஒருவரால் எல்லாம் மாறும் என்றால் 2017இலேயே மாறியிருக்க வேண்டும். ஆள் ஒருவரே, நிறுவனமும் ஒன்றே. வேறுபட்டது சில மாதங்களின் அதிர்ஷ்டமும் சில இளைஞர்களின் திறமையும்.

இந்தப் பழக்கத்தின் சரித்திரம் நீளமானது. 2011 உலகக் கிண்ண இறுதியாட்டத்தின் பின் ட்ரெவர் பெய்லிஸ் விடைபெற்றார். அதிலிருந்து சனத் வரும்வரை அந்த நாற்காலியில் இருந்து எழுந்தவர்கள், இடைக்காலத்தவரையும் சேர்த்தால், பத்துப் பேருக்கு மேல். ஸ்டுவர்ட் லோ, ஜெஃப் மார்ஷ், கிரஹம் போர்ட், போல் பார்பிரேஸ், மார்வன் அத்தபத்து, நிக் போதாஸ், சந்திக ஹத்துருசிங்க, மிக்கி ஆர்தர் என்று பட்டியல் நீள்கிறது. பார்பிரேஸ் 2014 ஏப்ரலில் உலகக் கிண்ணத்தை வென்று கொடுத்தார். சில வாரங்களில் இங்கிலாந்து அணியின் உதவிப் பயிற்றுநராகப் போய்விட்டார். கிண்ணம் வென்றவரையும் இருத்திவைக்கத் தெரியாது, தோற்றவரையும் பொறுத்துக்கொள்ளத் தெரியாது. வீட்டின் அத்திவாரம் இறங்கிக்கொண்டிருக்க, ஆண்டுக்கொரு முறை வாசற்கதவுக்கு வர்ணம் பூசுகிற கதை இது.

அத்திவாரம் எது? 2023 நவம்பர் 2ஆம் திகதி மும்பை வான்கடே மைதானத்தில் இந்தியாவிடம் 55 ஓட்டங்களுக்குச் சுருண்டதும் விளையாட்டுத்துறை அமைச்சர் கிரிக்கெட் நிர்வாகத்தைக் கலைத்தார். சர்வதேச கிரிக்கெட் பேரவை இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. அமைச்சரை ஜனாதிபதி பதவிநீக்கினார். 2024 ஜனவரியில் தடை நீங்கியது. இத்தனை கூத்துக்கும் பிறகு யார் எஞ்சினார்கள்? 2019இல் தலைவரான ஷம்மி சில்வா 2025 மார்ச்சில் நான்காவது தடவையாகப் போட்டியின்றித் தெரிவானார். பயிற்றுநர்கள் வந்து போனார்கள், அணித்தலைவர்கள் வந்து போனார்கள், அமைச்சர்கள் வந்து போனார்கள். வாக்களிக்கும் கழகங்களும் சங்கங்களும் அந்த வாக்குகளால் பிழைக்கும் நிர்வாகமும் அப்படியே இருந்தன. நான் எந்தவொரு தனிமனிதர் மீதும் குற்றம் சுமத்தவில்லை. எதிர்த்து நிற்க ஓர் ஆள்கூட முன்வராத தேர்தல் எந்த நிறுவனத்துக்கும் ஆரோக்கியத்தின் அடையாளமாகாது என்று மட்டும் சொல்கிறேன்.

இங்கே வாசகர்கள் சிலர் குறுக்கிடுவீர்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து வரும் மின்னஞ்சல்களின் வாசகம் எனக்கு மனப்பாடம்: "அது அவர்களுடைய அணி. அது வென்றாலென்ன, தோற்றாலென்ன? சண்டிலிப்பாயில் இருந்துகொண்டு உமக்கேன் இந்தக் கவலை?"

இந்தக் கேள்வியை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். அதன் பின்னால் ஒரு நியாயமான காயம் இருக்கிறது. புதிய பயிற்றுநர் ஒருவரின் கீழ் இலங்கை அணி கண்ட மிகச் சிறந்த பருவகாலம் 1995-96. கொழும்பில் பிறந்து அவுஸ்திரேலியாவுக்காக ஆடிய டேவ் வட்மோர் 1995இல் பயிற்றுநரானார். 1996 மார்ச் 17ஆம் திகதி லாகூரில் அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்கள் எடுக்க, உலகக் கிண்ணம் இலங்கைக்கு வந்தது. தொடரின் நாயகன் சனத் ஜயசூரிய. அந்த நாளில் வலிகாமம் எங்கே இருந்தது? 1995 ஒக்டோபர் 30இல் எழுந்து நடந்த சனம் தென்மராட்சியிலும் வன்னியிலும் மரநிழல்களிலும் பாடசாலைக் கட்டடங்களிலும் கிடந்தது. சண்டிலிப்பாயில் விளக்கேற்ற ஆளில்லை. மின்சாரமும் மின்கலமும் இல்லாத அந்த ஆண்டுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் நாம் வானொலி கேட்டோம். கொழும்பு வெடி கொளுத்தியபோது நமக்கு வெடிச்சத்தம் என்றால் வேறு அர்த்தம். அந்த வெற்றியில் நமக்குப் பங்கில்லை என்று ஒருவர் சொன்னால் அவரோடு நான் வாதிட மாட்டேன்.

ஆனால் மனக்காயம் ஒரு கொள்கையாக முடியாது. 1996இல் பிறந்திராத பிள்ளைகள் இன்று இங்கே மட்டை பிடிக்கிறார்கள். அறுவடை முடிந்த வயலிலும் கோயில் வீதியிலும் மென்பந்தோடு ஓடுகிறார்கள். அவர்களுக்கு முன்னால் இருக்கும் கேள்வி அணியை நேசிப்பதா வெறுப்பதா என்பதன்று. வாசல் திறந்திருக்கிறதா பூட்டியிருக்கிறதா என்பதே. வரிப்பணமும் தொலைக்காட்சி உரிமப் பணமும் நாட்டின் பெயரால்தான் வருகின்றன. அந்தப் பெயருக்குள் நாமும் இருக்கிறோம் என்று கணக்குக் கேட்பது உரிமை. "நமக்கென்ன" என்று சொல்வது, பூட்டியவன் கையில் இன்னொரு பூட்டைக் கொடுப்பது.

பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். நமது பெயருக்கு மட்டும் எங்கும் பஞ்சமில்லை. சனத் பொறுப்பேற்ற அதே 2024 ஜூலையில் லங்கா பிரீமியர் லீக் கிண்ணத்தை வென்றது யார்? ஜப்னா கிங்ஸ். 2020, 2021, 2022, 2024 என்று நான்கு தடவைகள் யாழ்ப்பாணத்தின் பெயர் கிண்ணத்தில் பொறிக்கப்பட்டது. 2020இல் எல்லா ஆட்டங்களும் ஹம்பாந்தோட்டை சூரியவெவவில் நடந்தன. பின்னர் கொழும்பு, பல்லேகலை, தம்புள்ளை. நான்கு தடவை சாம்பியனான யாழ்ப்பாண அணி யாழ்ப்பாணத்தில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. 2025இல் அதன் உரிமையாளரின் உரிமமும் ரத்துச் செய்யப்பட்டது. பெயர் மறுபடி விற்பனைக்கு வந்தது. 2022இல் நடத்திய தேசிய சுப்பர் லீக் போட்டியிலும் யாழ்ப்பாணம் என்று ஓர் அணி இருந்தது. நமது பெயர் சட்டையில் இருக்கிறது; சட்டைக்குள் நம் பிள்ளை இருப்பது அபூர்வம்.

அபூர்வம் என்றேன், இல்லை என்று சொல்லவில்லை. யாழ் மத்திய கல்லூரி மாணவர் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020 டிசம்பரில் அந்த அணிக்காக முதன்முதல் களமிறங்கி, அஞ்சலோ மத்யூஸின் விக்கெட்டை வீழ்த்தினார். 2023இல் ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைச் சட்டை அணிந்தார். 2024இல் ஐ.பி.எல். போட்டியில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்காகப் பந்துவீசினார். அந்தப் பிள்ளையின் உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் ஒரு வியாஸ்காந்தைக் காட்டி "பாருங்கள், வாசல் திறந்திருக்கிறது" என்று சொல்பவர்களை நான் ஏற்கமாட்டேன். மதிலேறிக் குதித்து உள்ளே வந்தவனைக் காட்டி வாசல் திறந்திருப்பதாக யாரும் நிரூபிக்க முடியாது. 1904இலிருந்து யாழ் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் வடக்கின் பெரும் சமரை ஆடிவருகின்றன. ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடினப்பந்து ஆடும் ஊரிலிருந்து நாம் எண்ணிச் சொல்லக்கூடிய பெயர்கள் எத்தனை?

திறமை இல்லாமற் போய்விட்டதா? இல்லை. பாடசாலைப் பருவம் முடிந்ததும் இங்கே ஆட்டம் முடிந்துவிடுகிறது. தொடர்ந்து ஆடவேண்டுமானால் கொழும்புக் கழகம் ஒன்றில் சேரவேண்டும். நானூறு கிலோமீற்றர்; இரவு பஸ்; தங்க இடமில்லை; பேசும் மொழி வேறு. தகப்பன் தோட்டத்தில் நிற்கிறார். எத்தனை வாரம் தாங்குவான் ஒரு பிள்ளை? மாத்தறையில் பிறந்த சனத்தும் கொழும்புக்குப் போய்த்தான் பெரிய ஆளானார். ஆனால் மாத்தறைப் பிள்ளையின் வழியில் சோதனைச் சாவடியும் போரும் இருந்ததில்லை. நமக்கு வழி பிந்தித்தான் திறந்தது. திறந்த பின்னும் அந்த வழியில் தெருவிளக்கு வைக்க எவருக்கும் மனம் வரவில்லை.

இதை என்னைவிடத் தெளிவாக உணர்ந்தவர் அந்தப் பயிற்றுநரே என்பதுதான் விசித்திரம். 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி கொழும்பு வந்தபோது 1996 வெற்றி அணியினரைச் சந்தித்தார். அங்கே சனத் ஜயசூரிய எழுந்து, யாழ்ப்பாணத்தில் சர்வதேசத் தரமுள்ள மைதானம் ஒன்றை அமைக்க இந்தியா உதவ வேண்டும் என்று கேட்டார். நல்ல மனம். அதற்காக அவருக்கு நன்றி சொல்ல நமக்குத் தயக்கமில்லை. ஆனால் அந்தக் காட்சியை ஒரு கணம் நின்று நினைத்துப் பாருங்கள். ஒரு நாட்டின் தேசிய அணிப் பயிற்றுநர், தன் நாட்டின் ஒரு மாகாணத்துக்கு மைதானம் வேண்டுமென்று, தன்னை நியமித்த நிறுவனத்தை விட்டுவிட்டு அயல்நாட்டுப் பிரதமரிடம் கேட்கிறார். அவரது நிறுவனத்தைப் பற்றி இதைவிடக் கடுமையான விமர்சனத்தை என்னாலும் எழுத முடியாது.

பணம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். தம்புள்ளையில் 2001இல் மைதானம் எழுந்தது. 2011 உலகக் கிண்ணத்துக்காகச் சூரியவெவவில், சனநடமாட்டம் குறைந்த காட்டோரத்தில், 35,000 பேர் அமரக்கூடிய அரங்கம் கட்டினார்கள். அந்த ஆண்டின் மைதானச் செலவுகளால் கிரிக்கெட் நிறுவனம் கடனில் மூழ்கி, வீரர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் கொடுக்க முடியாமல் திண்டாடியது. மனம் இருந்த இடத்தில் காட்டுக்குள்ளும் பணம் போயிருக்கிறது.

2025 செப்டெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டினார். வரவேற்கிறேன். ஆனால் சூரியவெவவையும் மறக்கவில்லை. வருடத்தில் சில நாட்கள் வெளிச்சம் போட்டு, மற்ற நாட்கள் வெறிச்சோடிக் கிடக்கும் கொங்கிறீற்றுக் கூடு ஒன்று நமக்கும் வேண்டியதில்லை. உற்றுப் பார்த்தால், பயிற்றுநரை மாற்றுவதும் அடிக்கல் நாட்டுவதும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள். இரண்டும் புகைப்படத்துக்கு அழகானவை. இரண்டையும் ஒரே நாளில் செய்து முடித்துவிடலாம். செய்ய வேண்டிய வேலையோ பத்து வருட வேலை. அதற்குப் புகைப்படம் கிடையாது.

அந்த வேலை என்னவென்று நான் சொல்லிவிடுகிறேன். வலிகாமத்திலும் வடமராட்சியிலும் தென்மராட்சியிலும் தீவகத்திலும் பாடசாலைக்குப் பிந்திய வயதினர் கடினப்பந்தில் ஆண்டு முழுவதும் ஆடும் போட்டித்தொடர் வேண்டும். அதற்கேற்ற ஆடுகளங்களும் அவற்றைப் பராமரிக்கச் சம்பளத்துக்கு ஆட்களும் வேண்டும். பயிற்றுநர் தராதரப் பாடநெறிகள் தமிழில் யாழ்ப்பாணத்தில் நடக்கவேண்டும். தேசிய தேர்வாளர்கள் ஆண்டுக்கு இத்தனை நாள் இங்கே வந்து ஆட்டம் பார்க்கவேண்டும் என்பது எழுத்தில் இருக்கவேண்டும். யாழ்ப்பாணம் என்ற பெயரை எவராவது வாங்கினால், அந்தப் பெயரோடு இத்தனை வடபுல வீரர்களை ஆடும் அணியில் சேர்ப்பதும் இங்கே ஆட்டம் நடத்துவதும் நிபந்தனையாக வேண்டும். பெயரை விற்பவர் பெயருக்குரியவர்களிடம் பதில் சொல்லட்டும்.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. ஊர்க் கழகங்களுக்கு நீங்கள் அனுப்பும் பணம் பெரிது. மனம் அதைவிடப் பெரிது. ஆனால் அது வெற்றிக் கேடயங்களாகவும் ஒருநாள் சுற்றுப்போட்டிகளாகவும் கரைந்துவிடுவதை நான் இங்கிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வருடக் கேடயச் செலவைச் சேர்த்தால் நல்ல பயிற்றுநர் ஒருவருக்குச் சில மாதச் சம்பளம் கொடுக்கலாம். ஒரு கிராமத்துக்கு அல்ல, அயற் கிராமங்கள் நான்கைந்துக்குப் பொதுவாக. சண்டிலிப்பாயும் மானிப்பாயும் சங்கானையும் ஒரே பயிற்றுநரைப் பகிர்ந்துகொண்டால் யாருடைய மானமும் குறைந்துவிடாது. கொழும்பு நிறுவனத்தைத் திருத்தச் சொல்லும் நாம் ஊர்ப்பெயருக்காக அடிபட்டுக்கொண்டிருந்தால் நம் சொல்லுக்கும் எடை இராது.

இலங்கை அணிக்கு இனிமேலும் பயிற்றுநர்கள் வருவார்கள், போவார்கள். முதல் வெற்றிக்கு மாலையும் மூன்றாவது தோல்விக்குக் கல்லும் தயாராகவே இருக்கும். ஒவ்வொரு புதிய பயிற்றுநரும் வரும்போது எத்தனை ஆட்டம் வென்றார் என்று எல்லோரும் எண்ணுவார்கள். அது அவர்கள் பாடு. நாம் வேறொன்றை எண்ணத் தொடங்குவோம். அவரது காலத்தில் தேர்வாளர்கள் எத்தனை தடவை ஆனையிறவைத் தாண்டி வந்தார்கள்? இங்கிருந்து எத்தனை பிள்ளைகள் இரவு பஸ் ஏறாமல் தேர்வு ஆட்டம் ஆடினார்கள்? அந்த எண்ணிக்கை மாறும் ஆண்டில் இலங்கைக் கிரிக்கெட் மாறிவிட்டது என்று நானே முதலில் எழுதுவேன்.